நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் 75: இன்ஜினை இறக்கிப் போர் பண்ணித்தான் ஆகணுமா? (அம்பாசடர் மார்க் 2, 1972)

ஜனவரி 11, இரவு 9.40 | கேள்வி, காரைக்குடியிலிருந்து

தாத்தா வண்டி அண்ணே. ஏழு வருஷம் ஷெட்டிலேயே கிடந்தது. பேட்டரி மாற்றி, பெட்ரோல் டேங்க் கழுவி, போன மாதம் கிளப்பிவிட்டேன். ஓடுகிறது. ஆனால் ரயில்வே பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் மூச்சு வாங்குகிறது. ஐடிலில் நின்றால் பானெட் ஆடுகிறது. மெக்கானிக் கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று காட்டுவது) வைத்துப் பார்த்துவிட்டு நாலிலும் எழுபத்தைந்து பவுண்டுதான், பிஸ்டன் ரிங் தேய்ந்து போச்சு, இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் குடைந்து போர் பண்ணணும் என்கிறார். பண்ணிவிடலாமா?

ஜனவரி 11, இரவு 10.15

பண்ண வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

நான்கு சிலிண்டரும் சொல்லிவைத்தாற்போல 75 காட்டினால் இன்ஜினைவிட அளந்த விதத்தைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். நாலு கேள்வி. அளக்கும்போது இன்ஜின் சூடாக இருந்ததா? நாலு பிளக்கும் கழற்றியிருந்ததா, ஒவ்வொன்றாகக் கழற்றினாரா? ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதித்திருந்தாரா? செல்ஃப் விறுவிறுவென்று சுற்றியதா, இழுத்து இழுத்துச் சுற்றியதா?

ஜனவரி 12, காலை 6.30

பதில் வந்துவிட்டது. வண்டி குளிர்ச்சியாக இருந்ததாம், பிளக் ஒவ்வொன்றாகக் கழற்றினாராம், ஆக்ஸிலரேட்டரை யாரும் தொடவில்லையாம். நாலில் மூன்று தப்பு. நாலாவதைத் தம்பி கவனிக்கவில்லை.

ஆக்ஸிலரேட்டர் மூடியிருந்தால் கார்புரேட்டர் தட்டும் மூடியிருக்கும். பிஸ்டன் இறங்கும்போது இழுக்கக் காற்றே இல்லை, அப்புறம் எதை அழுத்தும்? கேஜ் குறைவாகத்தான் காட்டும். மற்ற மூன்று பிளக்கும் உள்ளே இருந்தால் செல்ஃப் அந்த மூன்று சிலிண்டரின் கம்ப்ரஷனையும் சேர்த்துத் தள்ள வேண்டும். சுற்றும் வேகம் குறையும், எண்ணும் குறையும்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான், காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 2009-இல் திருச்சியில் என்னுடைய மார்க் 3-க்கு இதே கதை. ஒரு பட்டறையில் 80 என்றார்கள். நான் தலையாட்டினேன். இன்ஜினை இறக்கி, போர் பண்ணி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, ஒன்றரை மாதம் கழித்து வண்டி வந்தது. இழுவை பழையபடியேதான். கடைசியில் டைமிங் செயின் தளர்ந்து ஒரு பல் தாண்டியிருந்தது என்று கண்டுபிடித்தவர் ரேடியேட்டருக்கு ஈயம் வைக்க வந்த பெரியவர். வால்வு தாமதமாக மூடினால் உள்ளே வந்த காற்றில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். நாலு சிலிண்டரிலும் சமமாகக் குறையும். என்னுடைய பழைய பிஸ்டன்கள் நான்கும் இன்னும் பரணில் இருக்கின்றன, ஒரு கீறல் கிடையாது. மேஜையில் பேனா வைக்க ஒன்றை எடுத்து வைத்திருக்கிறேன். தினமும் பார்க்க வேண்டும் என்றுதான்.

ஜனவரி 12, காலை 6.55

மேலே விட்டுவிட்டேன். மறுபடி அளக்கும் முறை இதுதான்:

பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வாருங்கள். பிளக் குழியில் இருக்கும் மண்ணைக் காற்றடித்து ஊதிவிட்டு நான்கையும் கழற்றுங்கள், இல்லையென்றால் அந்த மண் சிலிண்டருக்குள் விழும். காயிலுக்குப் போகும் சின்ன வயரை உருவிவிடுங்கள், பொறி பறக்கக் கூடாது. ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு அழுத்தி வைக்க ஒரு ஆள், அல்லது ஒரு செங்கல். ஒவ்வொரு சிலிண்டருக்கும் முள் ஆறு தடவை குதிக்கும்வரை சுற்றுங்கள். முதல் குதிப்பில் எவ்வளவு, ஆறாவதில் எவ்வளவு, இரண்டையும் எழுதுங்கள். கேஜில் இரண்டு வட்டம் இருக்கும். பவுண்டு வட்டத்தைப் பாருங்கள், கிலோ வட்டத்தை அல்ல. போன வருஷம் ஒருவர் கம்ப்ரஷன் வெறும் ஒன்பதுதான் என்று பதறிக்கொண்டு கேட்டார். ஒன்பது கிலோ என்றால் 128 பவுண்டு, அவர் வண்டிக்கு ஒன்றுமே இல்லை.

ஜனவரி 13, இரவு 8.20

தம்பி அனுப்பிய எண்கள். ஆக்ஸிலரேட்டர் மேல் அம்மிக் குழவியை வைத்தாராம், பாதியில் அம்மா வந்து சட்னிக்கு என்று தூக்கிப்போய்விட்டதால் மூன்றாவது சிலிண்டரை இரண்டு தடவை அளக்க வேண்டியதாயிற்றாம்.

118, 112, 82, 116.

பார்த்தீர்களா, எழுபத்தைந்து எங்கே போனது? இரண்டும் மூன்றும்தான் குறைவு. இந்த இன்ஜின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி சீரிஸ், 1489 சிசி. இதில் இரண்டாம் மூன்றாம் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் பக்கம் பக்கமாக உட்கார்ந்து, ஒரே துவாரத்தில் புகையைக் கக்கும். சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டிலேயே அதிகம் கொதிக்கும் இடம் அதுதான். ஹெட்டுக்கு அடியில் காற்று கசியாமல் அடைக்கும் தகடான ஹெட் கேஸ்கட், அந்த இரண்டு சிலிண்டருக்கும் நடுவில் பிய்த்துக்கொள்வது இந்த இன்ஜினில் சகஜம். கேஸ்கட்தான். அடித்துச் சொல்கிறேன்.

ஜனவரி 14, காலை 5.50

அடித்துச் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். இரவில் போனில் படித்தால் இப்படித்தான்.

நடுவில் கேஸ்கட் பிய்ந்தால் இரண்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று காற்றைக் கடத்திக்கொள்ளும். இரண்டும் சேர்ந்தே விழும், ஐம்பது அறுபது என்று. இங்கே இரண்டாவதில் 112 இருக்கிறது. 118-க்கும் 112-க்கும் உள்ள வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். அதிகமானதற்கும் குறைந்ததற்கும் இடையே பத்து சதவீதம்வரை போனால் நான் கண்டுகொள்வதில்லை. பழைய இன்ஜினுக்குப் பதினைந்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஆக, சீக்காளி மூன்றாவது மட்டும்.

இன்னொன்றையும் கவனிக்காமல் விட்டேன். குதிப்புக் கணக்கையும் தம்பி ஒழுங்காக எழுதியிருக்கிறார். மற்ற மூன்றும் முதல் குதிப்பில் எழுபது பக்கம் தொட்டு 110-க்கு மேல் போகின்றன. மூன்றாவது 55-இல் தொடங்கி 82-இல் நின்றுவிடுகிறது. ரிங் தேய்ந்த சிலிண்டர் குறைவாகத் தொடங்கினாலும் ஒவ்வொரு குதிப்பிலும் ஏறிக்கொண்டே வந்து கடைசியில் ஓரளவு ஒப்பேற்றிவிடும். வால்வு கசிந்தால் தொடக்கமும் குறைவு, ஏற்றமும் இராது. கை வைத்துச் சொல்லும் சாட்சி இல்லை இது, ஒரு குறிப்பு மட்டும்.

அடுத்தது எண்ணெய். மூன்றாவது சிலிண்டரில் பிளக் துளை வழியாக ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, நாலைந்து சுற்று சுற்றிப் பரவவிட்டு மறுபடி அளங்கள்.

ஜனவரி 14, மாலை 7.05

82-லிருந்து 104-க்கு ஏறிவிட்டதாம். "அப்போ ரிங்தானே அண்ணே, மெக்கானிக் சொன்னது சரிதானே" என்று கேட்கிறார்.

எவ்வளவு எண்ணெய் ஊற்றினீர்கள் தம்பி?

ஜனவரி 14, மாலை 7.30

மூன்று டீஸ்பூன் அளவாம். "டீஸ்பூன் கிடைக்கவில்லை, சாம்பார் கரண்டி."

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், அப்புறம் கரண்டி பக்கம் போக மாட்டீர்கள். 1489-ஐ நாலால் வகுத்தால் சிலிண்டருக்கு 372 சிசி. கம்ப்ரஷன் விகிதம் 7.2 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் உச்சிக்கு வந்தபின் மேலே மிஞ்சும் இடம் 60 சிசிதான். அதில் 15 சிசி எண்ணெய் நின்றால் மிச்சம் 45. எண்ணெய் எங்கேயும் அமுங்காது, காற்றுதான் அமுங்க வேண்டும். விகிதம் 7.2-லிருந்து 9.3-க்குப் போய்விடுகிறது. ரிங் இருக்கிறதோ இல்லையோ கேஜ் ஏறத்தான் செய்யும். நீங்கள் அளந்தது ரிங்கை அல்ல, சாம்பார் கரண்டியை.

பிளக்கை மாட்டாமல் துளை மேல் துணி போட்டு நன்றாகச் சுற்றி எண்ணெயை வெளியே கக்கவிடுங்கள். ஓட்டிக் காயவிட்டு நாளைக்கு ஒரே டீஸ்பூன். மருந்து பாட்டில் மூடியில் அளவு போட்டிருக்கும், 5 மில்லி.

ஜனவரி 15

பொங்கல். வண்டிக்கும் ஓய்வு. பொட்டு வைத்துப் படம் அனுப்பியிருக்கிறார், நாளைக்கு மாட்டுப் பொங்கலுக்கு வைக்க வேண்டியதை இன்றைக்கே வைத்துவிட்டார். பக்க இண்டிகேட்டர் கண்ணாடி பழையது, உடைக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜனவரி 17, காலை 10.10

5 மில்லியில் 82 → 87. அவ்வளவுதான். ஏறிய ஐந்து பவுண்டும் எண்ணெய் அடைத்த இடத்துக்கே சரியாய்ப் போயிற்று. ரிங் விடுதலை.

வால்வு கவரைத் திறந்து டேப்பட் (வால்வுத் தண்டுக்கும் அதை அமுக்கும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி) பாருங்கள். முன்னாலிருந்து எண்ணினால் எட்டு வால்வு: 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட், 2, 3, 6, 7 இன்லெட். மூன்றாம் சிலிண்டருக்கு 5-ம் 6-ம். எதைப் பார்க்க வேண்டுமோ அதை ஒன்பதிலிருந்து கழியுங்கள். வருகிற எண்ணுள்ள வால்வு முழுசாக அமுங்கித் திறந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஐந்தாவதைப் பார்க்க நாலாவது திறந்திருக்கணும். சூடான இன்ஜினில் 0.015 அங்குலம்.

ஜனவரி 17, இரவு 9.00

ஐந்தாவது வால்வில் இடைவெளியே இல்லை. ஃபீலர் கேஜின் மெல்லிய தகடுகூட நுழையவில்லை. எனக்கு ஆச்சரியம் இல்லை, கோபம்தான்.

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. வண்டிக்காரர் வந்து "டேப்பட் சத்தம் வருது" என்பார். சத்தம் போகும்வரை இறுக்கிக் கொடுப்பார்கள். தையல் மெஷின் மாதிரி ஓடுது என்று அவரும் சந்தோஷமாகப் போவார். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்குவது மூடி, சீட்டில், அதாவது ஹெட்டில் அது வந்து பொருந்தும் விளிம்பில், உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான். இடைவெளி இல்லையென்றால் சூடேறி நீளும்போது முழுசாக உட்கார முடியாது. மயிரிழைச் சந்தில் நெருப்பு சீறிக்கொண்டே போகும், ஓரம் கருகும். டேப்பட் டிக் டிக் என்று கேட்டுக்கொண்டிருக்கும் அம்பாசடரில் நான் தைரியமாக மதுரைக்குக் கிளம்புவேன். சத்தமே இல்லாததில் யோசிப்பேன்.

இடைவெளி வைத்துவிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். 97. முழுசாக வரவில்லை, ஆனால் பதினைந்து பவுண்டு காசில்லாமல் வந்தது. பாலம் மூன்றாவது கியரில் ஏறுகிறதாம். ஓட்டிப் பாருங்கள், இருநூறு முந்நூறு கிலோமீட்டர் கழித்து அதே வால்வை மட்டும் மறுபடி அளங்கள்.

ஜனவரி 19

இதற்கு நடுவில் ஊட்டியிலிருந்து ஒருவர், மார்க் 4. நாலிலும் 98, 99, 97, 99 வருகிறது, இறக்கலாமா என்கிறார். முறையாகத்தான் அளந்திருக்கிறார்.

இறக்காதீர்கள் ஐயா. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தமே கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே 130 காட்டும் நல்ல இன்ஜின் மேலே ஏறினால் நூறு பக்கம்தான் காட்டும். உங்கள் இன்ஜின் நம் எல்லோருடையதையும்விட ஆரோக்கியம். மேட்டுப்பாளையம் இறங்கும்போது அங்கே ஒருமுறை அளந்து பார்த்து மனசை ஆற்றிக்கொள்ளுங்கள்.

ஜனவரி 20, காலை

கேஜ் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். ஹேண்டில்தான்.

என் மாமா திருச்சி ஜங்ஷனில் டாக்ஸி ஓட்டினார். காலையில் செல்ஃப் போடுவதற்கு முன் பம்பரில் உள்ள துளை வழியே ஹேண்டிலை நுழைத்து, சாவி போடாமலே, இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுவார். இரண்டு சுற்றுக்கு நாலு தடவை கை கனக்க வேண்டும். கனம், இளக்கம், கனம், இளக்கம். நாலில் ஒன்று சொத்தென்று போனால் அன்றைக்கு வெளியூர் சவாரி எடுக்க மாட்டார். கண்ணை மூடிக்கொண்டுதான் சுற்றுவார், ஏதோ நாடி பார்க்கிற மாதிரி. என்னையும் பிடிக்கச் சொல்லி, கட்டை விரலைக் கைப்பிடியைச் சுற்றிக் கோக்காதே, மற்ற விரல்களோடு சேர்த்தே வை என்பார். திருப்பி அடித்தால் விரல் போய்விடும். பத்து வயதில் எனக்கு நாலும் ஒரே கனமாகத்தான் தெரிந்தன. ஹேண்டிலே கனம்.

அவர் செய்யும் இன்னொன்று: ஐடிலில் விட்டு, சைலன்சர் முனைக்கு நேரே தினசரி காலண்டரில் கிழித்த தாளைப் பிடிப்பார். தாள் வெளிப்பக்கமாகவே படபடக்க வேண்டும். அவ்வப்போது உள்பக்கம் சுண்டி இழுத்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று சரியாக மூடவில்லை என்பார். தம்பி இதைச் செய்து வீடியோ அனுப்பினால் பார்க்க ஆசை.

ஜனவரி 27, இரவு

வீடியோ பார்த்தேன். தாள் மூன்று நாலு தடவை உள்ளே சுண்டுகிறது. மாமா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

இதைவிட முக்கியம்: 340 கிலோமீட்டரில் 0.015 வைத்த இடைவெளி 0.006-க்கு வந்துவிட்டது. கம்ப்ரஷன் 97-லிருந்து 91. தேய்மானம் என்றால் இடைவெளி கூட வேண்டும். குறைகிறது என்றால் வால்வு ஹெட்டுக்குள் மேல்நோக்கிப் புதைகிறது, அல்லது வால்வே நீள்கிறது. எதுவானாலும் ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஹெட்டை மட்டும், இன்ஜினை அல்ல.

கழற்றும் முன் கடைசியாக ஒரு சோதனை, பஞ்சர் கடை காற்றை வைத்து. பழைய பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு அதன் உடம்பில் ஒரு காற்று நிப்பிளைப் பற்றவைத்தால் அடாப்டர் ரெடி. மூன்றாம் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, டாப் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்குக் கல் வைத்துக் காற்றை விடுங்கள். ஹேண்டில் மாட்டியிருக்கக் கூடாது. காற்று பிஸ்டனைத் தள்ளினால் ஹேண்டில் சுழன்று முழங்காலை உடைக்கும். அப்புறம் காதை வைத்துக் கேளுங்கள். கார்புரேட்டரில் சீறினால் இன்லெட், சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் ரிங், ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கட். எண்ணெய் வாயில் லேசாக உஸ் என்று வருவது எல்லா இன்ஜினிலும் உண்டு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஜனவரி 29

சைலன்சர். "குக்கர் விசில் வருவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம்" என்று எழுதியிருக்கிறார். இதைவிடத் தெளிவாக நான் சொல்லியிருக்க முடியாது.

பிப்ரவரி 4

ஹெட் கழன்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐந்தாவது வால்வின் விளிம்பில் எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு சின்ன வெட்டு, அதிலிருந்து மஞ்சளும் சாம்பலுமாய் ஒரு கோடு. ஹெட்டைத் திருப்பிப் போட்டு மேல்பக்கத் தண்டுகளின் மேல் ஸ்கேலை வைத்ததில் ஐந்தாவது தண்டு மற்றவற்றைவிட ஒன்றரை மில்லிமீட்டர் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிறது. புதைந்திருக்கிறது.

இந்த ஹெட்டில் வால்வு சீட் தனி வளையம் கிடையாது, வார்ப்பிரும்பிலேயே குடைந்தது. அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது, அது சீட்டின் மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து காப்பாற்றியது. இந்தியாவில் 2000 பிப்ரவரியோடு ஈயப் பெட்ரோல் முழுவதுமாக நின்றது. அதற்குப் பிறகு இந்த மாதிரி கெட்டியில்லாத சீட்டுகள் நேரடியாக அடி வாங்குகின்றன.

பிப்ரவரி 4, கொஞ்ச நேரம் கழித்து

ஈயத்தின் மேலேயே முழுப் பழியும் போட்டது சரியில்லை. அப்படியென்றால் 1, 4, 8 எல்லாமே புதைந்திருக்க வேண்டும். அவை ஒழுங்காக இருக்கின்றன. ஈயமில்லாத பெட்ரோலின் பாதிப்பு நெடுஞ்சாலையில் விரட்டி ஓட்டினால்தான் வேகமாக வரும், தாத்தா காரைக்குடிக்கும் தேவகோட்டைக்கும் நாற்பதில் போனவர். ஐந்தாவதை யாரோ இறுக்கிவைத்திருக்கிறார்கள், அது சூட்டில் வெந்திருக்கிறது, வெந்த சீட்டுக்குக் காப்பும் இல்லை. இரண்டும் சேர்ந்ததுதான்.

பிப்ரவரி 5

சிலிண்டர் மேல் விளிம்பில் நகத்தை வைத்து உரசிப் பாருங்கள் என்றேன். லேசாகத் தட்டுப்படுகிறதாம், மாட்டவில்லையாம். லேத் பட்டறையில் போர் கேஜ் வைத்துப் பார்த்ததில் மேலுக்கும் கீழுக்கும் 0.003 அங்குல வித்தியாசம். போர் பண்ணச் சொன்ன இன்ஜின் இதுதான்.

எக்ஸாஸ்ட் நாலுக்கும் கெட்டி சீட் வளையம் இறக்கச் சொல்லுங்கள், ஒன்றுக்கு மட்டும் என்றால் அடுத்த வருஷம் மறுபடி ஹெட்டைத் தூக்க வேண்டிவரும். வால்வுத் தண்டு ஓடும் கைடில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஹெட் அடிப்பக்கம் வளைவு இருந்தால் மட்டும் ஃபேஸ் அடிக்கட்டும், "எதுக்கும் ஒரு தடவை" என்று தேய்க்க விடாதீர்கள்.

பிப்ரவரி 19, இரவு 8.45

124, 121, 125, 122.

ஓட்டத் தொடங்கி இருநூறு கிலோமீட்டரில் ஹெட் நட்டுகளையும் டேப்பட்டையும் மறுபடி பார்க்க வேண்டும், மறக்காதீர்கள். வால்வு இறுகியபின் பழைய ரிங் கொஞ்சம் எண்ணெய் குடிக்கத் தொடங்கலாம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டருக்குள் என்றால் விட்டுவிடுங்கள்.

அந்த மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. அவர் கேஜாவது வைத்துப் பார்த்தார், 2009-இல் நான் அதைக்கூட நின்று பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, இரவு 9.10

கிளட்ச் பெட்டிக்குக் கீழே எண்ணெய் சொட்டுகிறது, ஹெட் கழற்றியதால் வந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. இந்த இன்ஜினில் கிராங்க் பின்முனைக்கு ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்ப ஒரு மரைப் பள்ளம்தான் உண்டு. தாத்தா காலத்திலும் சொட்டியிருக்கும். ஷெட் தரையைப் பாருங்கள், கறை இருக்கும். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்துக் கீழே போட்டுவைங்கள்.